சறுக்குப் பாறை சொல்லித் தந்த பாடம்



முதலாம் ஆண்டில் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் பேப்பரில் எனக்கு அரியர் விழுந்தது. உராய்வுப் பாடம் மண்டையில் ஏறவே இல்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கல்லுடைக்கிறவர். ‘படிப்பு ஓடலைன்னா எங்கூட வேலைக்கு வந்துரு’ என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் நானாகவே அந்த முடிவுக்கு வந்திருந்தேன். அந்த நேரத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு யானைமலை ஏறினேன்.

பெயர் வந்த விதம்

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில், ஒத்தக்கடையில் இறங்கினால் எதிரே நிற்கிறது யானைமலை. சுமார் 3 கி.மீ. நீளமுள்ள பாறை. தும்பிக்கையை நீட்டிப் படுத்த யானை போலவே இருக்கும். இந்தப் பெயர் இன்று நேற்று வைத்ததல்ல. மலைமேல் சமண முனிவர்கள் தங்கிய குகையில் சுமார் 2000 ஆண்டுப் பழமையான தமிழ்பிராமிக் கல்வெட்டு உள்ளது. அதில் இம்மலையின் பெயர் ‘இவகுன்றம்’. ‘இவம்’ என்றால் யானை என்று கல்வெட்டு அறிஞர்கள் பொருள் சொல்லியிருக்கிறார்கள். அடிவாரத்தில் உள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில் கி.பி. 770-ஐச் சேர்ந்தது. அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது இந்தப் பெயர்!

ஏறிய விதம்

பாதி வழியில் பிடிக்க ஒரு செடிகூட இல்லாத செங்குத்துச் சரிவு வந்தது. அப்பா அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘சறுக்கு’. பயத்தில் நான் குனிந்து, இரண்டு கையையும் பாறைமேல் அழுத்தி, கட்டிப்பிடித்தபடி ஏறினேன். சட்டென்று கால் வழுக்கியது. முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்தது.

மேலே நின்ற அப்பா சொன்னார்: “டேய், பாறையக் கட்டிப்பிடிக்காத. நிமிந்து நில்லு. ஒன் எட காலுக்கு எறங்கட்டும்.”

பயந்துகொண்டே நிமிர்ந்தேன். கால் நின்றுவிட்டது!

காரணம் என்ன?

அன்று இரவு புத்தகத்தைத் திறந்தேன். சரிவில் நிற்கும் நம் எடை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு பாறையைச் செங்குத்தாக அழுத்துகிறது. மறுபங்கு கீழே இழுக்கிறது. அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு உராய்வு கிடைக்கும். நான் கையை ஊன்றியபோது அழுத்தத்தில் ஒரு பகுதி கைக்குப் போய்விட்டது. வியர்த்த கையோ பாறையில் பிடிக்கவில்லை. ஆகவே கீழே இழுக்கும் விசையை, அழுத்தம் குறைந்த கால்களே தாங்க வேண்டியதாயிற்று. வழுக்காமல் என்ன செய்யும்?

சரிவின் கோணத்துக்கு டேன் மதிப்பு எடுங்கள். அது உராய்வுக் கெழுவைத் தாண்டினால் சறுக்கல்தான். 30 டிகிரிக்கு 0.58 போதும், 40 டிகிரிக்கு 0.84 வேண்டும், 45 டிகிரிக்கு முழுசாக 1 வேண்டும். இந்தக் கணக்கில் ஆளின் எடை வரவே வராது. குண்டானவருக்கும் ஒல்லியானவருக்கும் ஒரே கோணம்தான்! ஆனால் மணல் கிடந்தாலோ, மழையில் நனைந்திருந்தாலோ கெழு குறைந்துவிடும். அப்போது ஏறவே கூடாது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கவனமாகக் கேட்டுவிட்டு, “இதுக்கு ஒங்க புஸ்தகத்துல என்ன பேரு?” என்றார்.

“உராய்வுக் கோணம்ப்பா.”

இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். “பேருதான் தெரியாம இருந்துச்சு” என்றார்.

எனக்கோ பேர் மட்டும்தான் தெரிந்திருந்தது. அடுத்த தேர்வில் அந்தப் பேப்பரில் 52 மார்க் எடுத்துத் தேறினேன். கல்லுடைக்கப் போகும் யோசனையும் அத்தோடு போயிற்று.

நண்பர்களே! சூத்திரம் புரியவில்லை என்றால் வீட்டில் கேட்டுப் பாருங்கள். படிக்காத பெரியவர்கள் அதைக் கையாலும் காலாலும் செய்துகொண்டிருப்பார்கள். இன்னொன்று: யானைமலைக்குப் போனால் பாறையில் நம் பெயரைக் கிறுக்க வேண்டாம். அதற்கு ஏற்கெனவே நல்ல பெயர் இருக்கிறது!

– இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு