மூளை தந்த பாடம்

நுழையும்முன்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அது இயங்கச் செலவாகும் ஆற்றலோ ஏறக்குறைய 20 வாட் மட்டுமே. மூளை கற்கும் முறையை இயந்திரத்திற்குப் பயிற்றும் முயற்சி, இன்று மனிதரின் கண்ணொளியைக் காக்கவும் துணைநிற்கிறது.

வலியின்றி வரும் நோய்

நீலகிரி மாவட்டத்திலுள்ள எமரால்டு, நீர்த்தேக்கமும் தேயிலைத் தோட்டங்களும் சூழ்ந்த மலையூர். அங்குக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவருக்கு நீரிழிவு நோய் இருப்பதாகக் கொள்வோம். குருதியில் மிகும் சர்க்கரை, விழித்திரையின் நுண்குழாய்களை மெல்லச் சிதைக்கும். தொடக்கத்தில் வலி இராது, பார்வையும் மங்காது. மங்கிய பின்னர் மருத்துவரை நாடினால், இழந்த பார்வையை முழுமையாக மீட்பது அரிது. எனவே, ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதித்தல் வேண்டும். அதற்காக உதகைக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். நன்றாகத் தெரியும் கண்ணுக்காகக் கூலியை இழக்க எவர் முன்வருவார்?

கற்கும் வலைப்பின்னல்

மூளையில் நரம்பணுக்களுக்கு இடையேயுள்ள இணைப்புகள் பயிற்சியால் வலுப்பெறுகின்றன. 1943இல் வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் ஆகியோர் நரம்பணுவின் செயலைக் கணித வடிவில் விளக்கினர். பூனையின் மூளை காட்சியைப் படிப்படியாக உணர்வதை ஹூபெல், வீசல் ஆகியோர் கண்டறிந்தனர். அதனைத் தழுவி, 1980இல் ஜப்பானிய அறிஞர் புகுஷிமா உருவங்களை அறியும் செயற்கை நரம்பு வலைப்பின்னலை வடிவமைத்தார்.

அவ்வழியில் வந்த வலைப்பின்னல் ஒன்றுக்குக் கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டிப் பயிற்சியளித்தனர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அவ்வாய்வில் இடம்பெற்றன. ஒவ்வொரு படத்தையும் கண் மருத்துவர்கள் 3 முதல் 7 முறை தரப்படுத்தியிருந்தனர். அவ்வமைப்பு மருத்துவர்களுக்கு நிகராக நோயை இனங்காண்பதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்னர் அது அரவிந்த் மருத்துவமனையில் நடைமுறைக்கு வந்தது. பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் படமெடுத்தால் போதும். சிகிச்சை தேவைப்படுவோரை மட்டும் மருத்துவரிடம் அனுப்பலாம்.

ரோபோவின் கண்

சுமக்கும் மின்கலத்தைக் கொண்டே இயங்கும் ரோபோவிற்குச் சிக்கனம் இன்றியமையாதது. 2014இல் ஐபிஎம் நிறுவனம் 10 லட்சம் செயற்கை நரம்பணுக்கள் கொண்ட 'ட்ரூநார்த்' சில்லினை வெளியிட்டது. அதற்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான ஆற்றலே போதுமானதாக இருந்தது. விழித்திரையைப் போல, மாற்றத்தை மட்டும் பதிவுசெய்யும் ஒளிப்படக்கருவிகளும் வந்துள்ளன. அவற்றைப் பொருத்திய ட்ரோன், தன்மீது எறியப்படும் பந்தைக் கண்டு விலகிப் பறக்கிறது.

மனிதரே பொறுப்பு

இயந்திரம் கற்றது மருத்துவரின் அறிவையே. மங்கலான படத்தைத் தந்தால் அதுவும் தடுமாறும். நோயைச் சுட்டிக்காட்டுவது இயந்திரம்; முடிவெடுத்துச் சிகிச்சையளிப்பவர் மருத்துவர். அறிவியல் வளர்ந்தால் மட்டும் போதாது. அக்கருவி மலையூரின் கடைசி வீடு வரை சென்றுசேர்தல் வேண்டும். அப்போதே மூளை தந்த பாடம் முழுமை பெறும்.

தெரிந்து தெளிவோம்

செயற்கை நரம்பு வலைப்பின்னல்கள்வழி இயந்திரக் கற்றலுக்கு அடித்தளமிட்டமைக்காக ஜான் ஹாப்ஃபீல்டு, ஜெஃப்ரி ஹின்டன் ஆகியோருக்கு 2024ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் விழித்திரைச் சோதனை செய்துகொள்ள எவ்வளவு தொலைவு செல்லவேண்டும் எனக் கேட்டறிந்து எழுதுக.

2. 'இயந்திரம் தவறினால் பொறுப்பு யாருடையது?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.