புரோஸ்டேட் அறுவைக்குப் பின் மீண்டும் அடைப்பு வருமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. நான்கு ஆண்டுகளுக்கு முன் சிறுநீர்ப் பாதை வழியாக புரோஸ்டேட் அறுவை சிகிச்சை செய்தோம். நன்றாகத்தான் இருந்தார். இப்போது மறுபடியும் சிறுநீர் மெலிதாக, விட்டுவிட்டு வருகிறதாம். வெட்டியது திரும்ப வளர்ந்துவிட்டதா?

- ஒரு வாசகர், நாகல் நகர், திண்டுக்கல்

பதில்: இந்த அறுவையில் (டியுஆர்பி) புரோஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுப்பதில்லை. ஆரஞ்சின் சுளையை எடுத்துவிட்டுத் தோலை விடுவதுபோல, அடைக்கும் உட்பகுதியை மட்டும் சுரண்டி எடுப்பார்கள். பெரும்பாலோருக்குப் பலன் பல ஆண்டுகள் நீடிக்கும். ஆனாலும் ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் பேருக்கு மறு சிகிச்சை தேவைப்படலாம்.

காரணம் வளர்ச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிறுநீர்க்குழாயிலோ சிறுநீர்ப்பையின் கழுத்திலோ தழும்பு விழுந்து சுருங்கியிருக்கலாம். பல ஆண்டு அடைப்பால் பையின் தசையே தளர்ந்திருக்கலாம். அப்படியானால் வழியைத் திறந்தாலும் ஓட்டம் முழுதாகத் திரும்பாது.

ஆகவே சிறுநீர் ஓட்டத்தை அளக்கும் யூரோஃப்ளோ சோதனை, சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கும் ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை மூன்றையும் செய்யுங்கள். புரோஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் விட்டுவைத்த அந்த 'தோலில்'தான் தோன்றும். அதனால் அதைக் கண்டறிய உதவும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

விந்து வெளிவராமல் பைக்குள் போவது இந்த அறுவைக்குப் பின் பலருக்கும் நடப்பது, ஆபத்தில்லை. ஆனால் சிறுநீர் அடியோடு நின்றாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, ரத்தக்கட்டி வெளியேறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.