யூரியா மூட்டையில் ஒரு வீட்டுப்பாடம்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வேதியியல் கணக்கை கைடைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். எண்ணை மாற்றிக் கேட்டால் திகைக்கிறார்கள். பரீட்சையில் எண் மாறித்தான் வரும். ஆகவே இம்முறை ஒரே கணக்கை நிதானமாகப் போட்டுப் பார்ப்போம்.

யூரியாவில் நைட்ரஜன் எத்தனை சதவீதம்? அதன் மூலக்கூறில் கார்பன் 1, ஆக்சிஜன் 1, நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 4. அணு நிறைகளைக் கூட்டினால் 12 + 16 + 28 + 4 = 60. இதில் நைட்ரஜன் 28. அதை 60-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 46.67. நைட்ரஜன் அணு இரண்டு என்பதை மறந்து 14-ஐ வைத்தால் விடை பாதியாகிவிடும். உரமூட்டையில் 46 என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். 45 கிலோ மூட்டையில் நைட்ரஜன் 20.7 கிலோ.

நெல்லுக்குப் போடும் அளவு யூரியா நம்மூர் மல்லாட்டைக்கு ஏன் வேண்டியதில்லை? இது தாவரவியல் கேள்வி. செடியைப் பிடுங்கி வேரைக் காட்டுங்கள். சிறு முண்டுகள் இருக்கும். அவற்றில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்குகிறது. செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. முண்டை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பச்சையாக இருந்தால் அது ஓய்ந்துவிட்டது.

பிள்ளைகளுக்கு: அம்மோனியம் சல்பேட்டில் நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 8, சல்பர் 1, ஆக்சிஜன் 4. சல்பரின் அணு நிறை 32. நைட்ரஜன் எத்தனை சதவீதம்? கைடை மூடிவிட்டுப் போடவும்.