கைக்கடிகாரத்தில் மூலபாடம்

காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரின் சிறப்பை விரித்துரைக்கும் சிலப்பதிகாரத்தில், இந்திரவிழவூரெடுத்த காதையிலே, பட்டினப்பாக்கத்தில் வாழ்ந்தோரை வரிசைப்படுத்துமிடத்து நாழிகைக் கணக்கர் என்பாரும் கூறப்படுகின்றனர். நுண்துளையுடைய வட்டிலையும் நீரையும் துணையாகக் கொண்டு பொழுதை அளந்துரைத்தல் அவர்தம் தொழில். ஒரு நகரத்தில் சிலரே செய்துவந்த அத்தொழிலைப் பிற்காலத்தில் ஒவ்வொருவரும் தத்தம் மணிக்கட்டிலே கட்டிக்கொண்டோம். கைப்பேசி வந்தபின்னர்ப் பலர் அதனையும் கழற்றி வைத்துவிட்டனர். அங்ஙனம் கழற்றப்பட்டு அலமாரிகளிலும் தகரப் பெட்டிகளிலும் உறங்கும் பழைய கைக்கடிகாரங்களைத் தேடிப் பெறுதலையும் பேணுதலையும் பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கடிகாரம் சேர்த்தல் செல்வர்க்கே உரியது என்பர். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொற்கடிகாரங்களை நோக்கின் அஃது உண்மையே. ஆயின் மாணவர்க்கும் எட்டும் கடிகாரம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. 1953ஆம் ஆண்டில் பெங்களூரில் நிறுவப்பட்ட எச். எம். டி. என்னும் அரசாங்கத் தொழிற்சாலை, 1961இல் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிற்று. முதற் கடிகாரங்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு அவர்கள். ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், காஞ்சன் எனப் பல பெயரொடு அவை நாடெங்கும் பரவின. திருமணத்தில் மாப்பிள்ளைக்கும், ஓய்வுபெறும் நாளில் ஊழியர்க்கும் அளிக்கத்தக்க பரிசாக அவை இருந்தமையை நம் வீட்டு முதியோரைக் கேட்டால் கூறுவர். பின்னர், மின்கலத்தால் இயங்கும் குவார்ட்ஸ் கடிகாரம் வந்தது. 1984இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் டாட்டா குழுமமும் கூடித் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து அவ்வகையை நாடெங்கும் அனுப்பிற்று. பழைய தொழிற்சாலை தளர்ந்தது. 2016 ஜனவரியில் எச். எம். டி. கடிகார நிறுவனத்தை மூடுதற்கு மத்திய அமைச்சரவை இசைவளித்தது. ஆகவே இன்று வீடுகளில் எஞ்சியுள்ளவற்றைக் காத்தலே வழி.

சாவி கொடுக்கும் கடிகாரம் இயங்கும் முறையைச் சிறிது அறிந்தாலன்றி அதனைப் பேணுதல் இயலாது. திருகைச் சுழற்றுங்கால் உள்ளே ஒரு சுருள்வில் இறுக்கப்படுகின்றது. அது தளரும்போது பிறக்கும் விசை பற்சக்கரங்களின் வழியே சென்று பாலன்ஸ் சக்கரத்தை இப்புறமும் அப்புறமும் அசைக்கின்றது. அவ்வசைவே நம் செவியில் டிக்டிக் என ஒலிப்பது. ஜனதா முதலியவற்றில் ஒரு மணிக்கு 18,000 அடிப்பு. ஒரு வினாடிக்கு ஐந்து. நாழிகை என்பது இருபத்துநான்கு நிமிடமாதலின் ஒரு நாழிகைக்கு 7,200 அடிப்பு. ஒரு நாளைக்கு 4,32,000. கலியுகத்துக்குப் புராணங்கள் கூறும் ஆண்டுத் தொகையும் இதுவே என்பது தற்செயலாயினும் வியக்கத்தக்கது. இத்துணை உழைப்பைத் தாங்கும் அச்சுகள் தேயாதிருத்தற்பொருட்டு அவற்றின் முனைகள் செயற்கை மாணிக்கக் கற்களில் பொருத்தப்படுகின்றன. முகப்பில் பதினேழு கல் என்று எழுதியிருத்தல் இதனையே குறிக்கும். அக்கற்களை எடுத்து விற்றுப் பொருளீட்டலாம் எனக் கருதுவோர் ஏமாறுவர்.

பேணுமுறை கடினமன்று. நாள்தோறும் காலையில் ஏறத்தாழ ஒரே வேளையில் சாவி கொடுத்து, திருகு தடுக்குமிடத்தே நிறுத்திவிடுதல் வேண்டும். தேதி காட்டுவதாயின், இரவு ஒன்பது மணிக்கும் விடியல் மூன்று மணிக்கும் இடையில் தேதியைக் கையால் மாற்றலாகாது. அப்போது அதற்குரிய பற்கள் தாமே கூடிநிற்கும். ஒலிபெருக்கி போன்று காந்தமுள்ள பொருள்களின் அருகில் வைத்த கடிகாரம் திடீரென விரைந்தோடும். காந்தம் நீக்கும் சிறு கருவி கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் உண்டு. நான்கைந்து ஆண்டுகளுக்கொருமுறை உள்ளுறுப்புகளைக் கழற்றித் துலக்கி, உலர்ந்த எண்ணெயைப் போக்கிப் புதிய எண்ணெய் இடுவித்தல் நன்று. தையல் இயந்திர எண்ணெயை வீட்டிலேயே ஒரு சொட்டு விடுதல் கடிகாரத்துக்கு நஞ்சிடுதலை ஒக்கும்.

நம் கடற்கரை நாட்டார்க்கு வேறொரு பகையும் உண்டு. அது வியர்வையோடும் காற்றோடும் கூடிய உப்பு. எச். எம். டி. கடிகாரங்கள் பலவற்றின் கூடு பித்தளையின்மேல் குரோமியம் பூசப்பட்டது. கைத்தோல் படும் இடத்தில் உப்பு அப்பூச்சை அரித்துக் குழிகளை உண்டாக்கும். அதனைப் பளபளப்பாக்க எண்ணித் தேய்ப்பின் எஞ்சிய பூச்சும் போய்ப் பித்தளை தோன்றும். ஆகலின் மாலைதோறும் உலர்ந்த மென்துணியால் துடைத்தலே போதும். மேலுள்ள அக்ரிலிக் கண்ணாடியிற் பட்ட கீறலையோ, சிறிது பற்பசை இட்டு மெல்லத் தேய்த்தே நீக்கலாம். நெல் விளையும் நாட்டில் நனைந்த கடிகாரத்தை அரிசிப் பானையில் புதைக்கும் வழக்கமும் உளது. அரிசி உப்பைப் போக்காது. தவிட்டுத் தூளை வேண்டுமாயின் உள்ளே சேர்க்கும். நனைந்தவுடன் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திறப்பித்தலே தக்கது.

நிற்க. வாங்குவோர் அறியவேண்டிய பெரிய செய்தி இனித்தான் உளது. எச். எம். டி.யின் பெயர் தாங்கிப் புத்தம் புதியன போல் மின்னும் கடிகாரங்கள் சந்தையில் ஏராளம். அவற்றுட் பல, பழைய முகப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு மேலே புதிய சாயமும் எழுத்தும் பதித்தவை. தொழிற்சாலை ஒருநாளும் செய்தறியாத கிளிப்பச்சையும் செம்மஞ்சளும் அவற்றில் காணப்படும். கூடு தேய்ந்திருக்க முகப்பு மட்டும் இளமையாயிருத்தல், எழுத்தின் விளிம்பு கலங்கியிருத்தல், நிமிடக் கோடுகள் மணிக்குறிகளோடு ஒட்டாதிருத்தல் ஆகியன அடையாளங்கள். விற்போரிடம் கடிகாரத்தின் முதுகைத் திறந்து காட்டுமாறு கேட்க நாணலாகாது. சிலம்பை உடைத்த பின்னரன்றோ, உள்ளிருந்தது முத்தன்று, மாணிக்கம் என்பது மதுரை அவையோர்க்குப் புலனாயிற்று!

தமிழ் பயில்வார்க்கு இம்மறுவண்ணம் புதிதன்று. இதனையே நாம் இடைச்செருகல் என்கின்றோம். கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை ஆசிரியராயிருந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள், 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது, பல ஊர்களினின்றும் பெற்ற ஏடுகளை ஒப்புநோக்கி மூலபாடத்தைத் தேடினார்கள். செல்லரித்த இடத்தில் தம் சொல்லை இட்டு நிரப்பியிருப்பின் நூல் இன்னும் அழகாய்த் தோன்றியிருக்கலாம். ஆயின் அது பழைய நூலாயிராது.

இக்கருத்தை ஏட்டளவில் கூறுதல் எளிது. வீட்டில் நடத்துதல் அரிது. பூம்புகாரை அடுத்த சிற்றூரில் பள்ளியாசிரியராயிருந்த எம் பாட்டனார் கட்டிய ஜனதா ஒன்று எங்கள் வீட்டில் உளது. கடற்காற்றால் அதன் வெண்முகப்பில் பழுப்புப் புள்ளிகள் படர்ந்துவிட்டன. தமையனாரின் திருமணத்துக்கு அதனை அளிக்க விரும்பிய தந்தையார், என்னையும் உடனழைத்துக்கொண்டு மயிலாடுதுறையில் முதியவர் ஒருவரின் பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றார். "டயலை மாற்றிவிட்டால் புதிது போல் இருக்கும், தம்பி" என்றார் முதியவர். யான் தடுத்தேன். தந்தையார் உடனே, "உன் தாத்தா ஒருநாளும் கறைபட்ட சட்டையோடு வெளியே போனவரல்லர். அவர் கடிகாரம் மட்டும் கறையோடு இருக்கவேண்டுமா?" என்று வினவினார்.

அவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. பொருளைப் பேணுதல் வேறு, பொருளுக்குரியாரின் மதிப்பைப் பேணுதல் வேறு. இவ்விரண்டும் முரணுங்கால் எதனைக் கொள்வது என்பதற்கு எந்நூலிலும் விதி கண்டிலேன். "அப்பா, இந்த முகத்தைப் பார்த்துத்தானே தாத்தா நாள்தோறும் பள்ளி மணி அடிக்கச் சொன்னார்?" என்று மட்டும் கூறினேன். தந்தையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "சரி ஐயா, கண்ணாடியையும் வாரையும் புதிதாக மாற்றுங்கள், டயல் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

முதியவர் முதுகு மூடியைத் திறந்தார். அதன் உட்புறத்தில் ஊசியாற் கீறிய சிறு எழுத்துகளும் எண்களும் மூன்று வரியாய் இருந்தன. பழுதுபார்ப்போர் தாம் திறந்த நாளை அங்ஙனம் பொறித்துவைப்பது மரபு. ஏட்டின் இறுதியில் எழுதினோர் தம் பெயரும் நாளும் குறித்துவைப்பதைப் போன்றது. கண்ணில் உருப்பெருக்கியைப் பொருத்திக்கொண்டு நெடுநேரம் நோக்கிய முதியவர், நடு வரியைச் சுட்டி, "இது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் கை" என்றார். பாட்டனார் அக்கடைக்கு வந்துபோனது எங்கள் வீட்டில் எவரும் அறியாதது. வேலை முடிந்ததும் அவ்வரிகளின் கீழே அவர் தம் அடையாளத்தையும் அன்றைய தேதியையும் கீறி, மூடியை அழுத்திப் பூட்டித் தந்தையார் கையிற் கொடுத்தார்.