தடியடிக்குப் பிறகு வந்த பாட்டு

கேள்வி: பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகன் எந்நேரமும் அமெரிக்க ராப் பாட்டுகளைத்தான் கேட்கிறான். ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ படத்தை என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினான். போலீசைத் திட்டுகிற பாட்டு, துப்பாக்கி, அடிதடி. கேட்டால் “நடந்ததைத்தாம்மா பாடறாங்க” என்கிறான். போலீஸ் அநியாயம் செய்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதானே? அதற்கு ஏன் இத்தனை வசவு? இந்தப் பாட்டும் படமும் அங்கே நடந்த வன்முறையைக் காட்டினவா, வளர்த்துவிட்டனவா? அவனை எதுவரை கேட்க விடலாம்?
— ஒரு வாசகி, கரூர்

பதில்: கோர்ட்டுக்குப் போனார்கள் அம்மா. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1976-இல் லாஸ் ஏஞ்சலஸில் அடால்ஃப் லயன்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் காரைப் போலீசார் மறித்தார்கள். பின்விளக்கு ஒன்று எரியவில்லை, அவ்வளவுதான் குற்றம். துப்பாக்கியை நீட்டி இறக்கி, கழுத்தைக் கையால் வளைத்து நெரித்ததில் அவர் மயங்கி விழுந்தார். நினைவு வந்ததும் பின்விளக்குக்கான சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இந்தக் கழுத்துப்பிடியைத் தடைசெய்ய வேண்டும் என்று அவர் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1983-இல் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது இது: நஷ்டஈடு கேட்கலாம், ஆனால் போலீசார் உங்கள் கழுத்தை மறுபடியும் நெரிப்பார்கள் என்று நீங்கள் காட்டவில்லை, ஆகவே தடை கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய தர்குட் மார்ஷல் ஒரு கணக்கைப் பதிவு செய்தார். 1975-லிருந்து அந்த நகரத்தில் இந்தப் பிடியில் செத்தவர்கள் 16 பேர். அவர்களில் 12 பேர் கறுப்பின ஆண்கள்.

இந்த வழக்கைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். வேறு மாதிரி ஒலிக்கும்.

காட்டியதா, வளர்த்ததா என்ற கேள்விக்கு எது முதலில் நடந்தது என்று பார்ப்பதே நேர்வழி. 1985 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ், கவச வண்டியின் முன்னால் நீண்ட இரும்புத் தண்டைப் பொருத்தி, போதைமருந்து விற்கும் வீடு என்று சந்தேகப்பட்ட ஒன்றின் சுவரை இடித்தது. உள்ளே இருந்தவர்கள் பெண்களும் குழந்தைகளும். கிடைத்தது கொஞ்சம் கஞ்சா. காம்ப்டனைச் சேர்ந்த டாடி டீ அந்த வண்டியையே பாட்டாக்கினார். அந்தப் பாட்டு கேசட்டில் கைமாறி ஊரெல்லாம் பரவியது. 1988 ஏப்ரலில் ‘ஆபரேஷன் ஹேமர்’ என்ற பெயரில் ஆயிரம் போலீசார் ஒரே வார இறுதியில் 1,453 பேரைப் பிடித்தார்கள். பெரும்பாலோர் வழக்கே இல்லாமல் விடப்பட்டார்கள். அந்த ஆகஸ்டில் டால்டன் அவென்யூவில் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்குள் எண்பதுக்கும் மேற்பட்ட போலீசார் புகுந்து சுவர்களையும் கழிப்பறைகளையும் உடைத்தார்கள். வெள்ளம் வந்த ஊருக்குப் போவதுபோல் செஞ்சிலுவைச் சங்கம் வந்து அந்தக் குடும்பங்களுக்கு உதவ வேண்டியிருந்தது. பிற்பாடு நகராட்சி 30 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுத்தது.

உங்கள் மகன் காட்டிய படத்தின் நாயகர்களான என்.டபிள்யூ.ஏ. குழு போலீசைக் கெட்ட வார்த்தையில் திட்டும் பாட்டை வெளியிட்டதும் அதே 1988-இல்தான். (காம்ப்டன் தனி ஊர், அதற்கு அப்போது தனிப் போலீஸ் இருந்தது. ஆனால் தெருவில் நிறுத்தப்படும் பையனுக்குச் சீருடையின் வில்லையில் பெரிய வேறுபாடு தெரியாது.) அந்தப் பாட்டின் அமைப்பைக் கவனித்தீர்களா? அது ஒரு நீதிமன்றக் காட்சி. குழுவைச் சேர்ந்த டாக்டர் டிரே நீதிபதி, மற்றவர்கள் சாட்சிகள், கூண்டில் நிற்பது போலீஸ். நிஜ நீதிமன்றம் கேட்காத சாட்சியத்துக்கு அவர்களே ஒரு நீதிமன்றத்தைக் கட்டிக்கொண்டார்கள். வசவு மட்டும் காதில் விழுந்தால் இது தப்பிப்போகும்.

அரசாங்கம் வசவை மட்டும்தான் கேட்டது. 1989 ஆகஸ்டில் எஃப்.பி.ஐ.யின் உயரதிகாரி ஒருவர், முந்தைய ஆண்டில் 78 போலீசார் கொல்லப்பட்டதைக் குறிப்பிட்டு, அந்தப் பாட்டைக் கண்டித்து இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். அந்த 78 உயிர்களும் உயிர்கள்தான். ஆனால் டால்டன் அவென்யூக் குடும்பங்களைப் பற்றி அப்படி ஒரு கடிதம் எந்தப் போலீஸ் துறைக்கும் போனதாக நான் எங்கும் படித்ததில்லை.

1991 மார்ச் 3-ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் தடியால் அடித்ததை எதிர்க் குடியிருப்பிலிருந்து ஒருவர் வீடியோ எடுத்தார். உலகமே அதிர்ந்தது. அந்தத் தெருக்களில் வாழ்ந்தவர்கள் அதிரவில்லை. கேமரா இருந்தது ஒன்றுதான் அவர்களுக்குப் புதிது. அதன்பின் அமைந்த கிறிஸ்டோபர் கமிஷன், ரோந்துக் கார்களின் கணினிகளில் போலீசார் தங்களுக்குள் அனுப்பிய இனவெறிச் செய்திகளைத் தோண்டி எடுத்தது. அத்துமீறித் தாக்கியதாகத் திரும்பத் திரும்பப் புகார் வந்தும் பணியில் தொடர்ந்த 44 போலீசாரைச் சுட்டிக்காட்டியது. பாட்டு 1988-இல் சொன்னதை அரசு அறிக்கை 1991 ஜூலையில் ஒப்புக்கொண்டது. அப்படியும், குற்றம் சாட்டப்பட்ட போலீசார் நால்வரும் 1992 ஏப்ரல் 29 அன்று, ஜூரிகளுக்குள் முடிவு எட்டாத ஒரே ஒரு குற்றச்சாட்டு நீங்கலாக, விடுதலையானார்கள். நகரம் பற்றி எரிந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

அதனால் உங்கள் மகன் சொல்வது பெருமளவு உண்மை. முழு உண்மை என்று சொல்லமாட்டேன்.

அதே 1991 மார்ச்சில், லடாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுச் சிறுமியை, ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலைத் திருடுகிறாள் என்று நினைத்த கொரியக் கடைக்காரப் பெண் சுட்டுக் கொன்றார். சிறுமியின் கையில் காசு இருந்தது. சில மாதங்களில் என்.டபிள்யூ.ஏ.யின் முன்னாள் உறுப்பினர் ஐஸ் கியூப், கொரியர் கடைகளைக் கொளுத்துவோம் என்று மிரட்டும் பாட்டு ஒன்றை வெளியிட்டார். அதற்குப் பிறகு வந்த தீர்ப்பில் அந்தக் கடைக்காரருக்குச் சிறை இல்லை. 1992 கலவரத்தில் 2,000-க்கும் மேற்பட்ட கொரியர் கடைகள் சேதமாயின. பாட்டுதான் தீ வைத்தது என்று நான் நம்பவில்லை. அந்தத் தீர்ப்பே போதுமாக இருந்தது. ஆனால் ஒருத்தியின் குற்றத்துக்கு ஓர் இனத்தையே பொறுப்பாக்கினால், போலீஸ் கறுப்பினத்தவருக்குச் செய்ததையே பாடகரும் செய்கிறார். அந்தப் பாட்டை என்னால் மன்னிக்க முடியாது.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். இந்தப் பாட்டுகள் பலவற்றில் பெண் ஒரு வசவுச் சொல்லாகவே வருகிறாள். 1991-இல் டிரே ஒரு பெண் தொலைக்காட்சித் தொகுப்பாளரை விருந்து ஒன்றில் வைத்துத் தாக்கினார். நீதிமன்றத்தில் அந்தக் குற்றச்சாட்டை அவர் எதிர்க்கவும் இல்லை. நீங்கள் பார்த்த 2015 படத்தில் அந்த நிகழ்ச்சியே கிடையாது. படத்தின் தயாரிப்பாளர்களில் டிரேயும் ஒருவர். இதை உங்கள் மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள். போலீசின் அடியைப் பாடுகிறவர் தன் கை ஓங்கியதை மறைத்தால் அதையும் கேட்கத்தான் வேண்டும்.

இவற்றையெல்லாம் மறைக்காத ஒரு படம் வேண்டுமானால், ஜான் சிங்கிள்டன் தாம் வளர்ந்த தெற்கு லாஸ் ஏஞ்சலஸிலேயே, இருபதுகளின் தொடக்கத்தில் எடுத்த ‘பாய்ஸ் இன் த ஹுட்’ (1991) இருக்கிறது. அதில் திருடன் புகுந்த வீட்டுக்குப் போலீஸ் வெகுநேரம் கழித்து வருகிறது. வந்த இருவரில் கொடூரமானவன் வெள்ளையன் அல்ல, கறுப்பினப் போலீஸ்காரன். பல ஆண்டுகள் கழித்து அதே ஆள், குற்றம் எதுவும் செய்யாத பையனின் கழுத்தில் துப்பாக்கியை வைக்கிறான். ஆளின் நிறம் மாறினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை அந்த ஒரு காட்சி உடைக்கிறது. படத்தில் நடக்கும் கொலையைச் செய்வது போலீஸ் அல்ல. ஒரு சின்ன உரசலுக்காகப் பக்கத்துத் தெருப் பையன்களே சுடுகிறார்கள். போலீஸ் ஹெலிகாப்டரின் இரைச்சல் தலைக்கு மேல் ஓயாமல் கேட்கிறது, ஆனால் சாகப்போகிற பையனைக் காப்பாற்ற யாரும் வருவதில்லை. அதிகக் கண்காணிப்பும் பாதுகாப்பே இல்லாமையும் ஒரே தெருவில் ஒன்றாக இருக்க முடியும் என்பதை இவ்வளவு தெளிவாக வேறு எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

அந்தப் படம் வெளியான முதல் இரவில் பல நகரங்களில் திரையரங்குகளை ஒட்டித் துப்பாக்கிச் சூடு நடந்தது. சில அரங்குகள் படத்தையே தூக்கின. வன்முறை வேண்டாம் என்று கெஞ்சுகிற படம் அது. சுட்டவர்கள் துப்பாக்கியை வீட்டிலிருந்து எடுத்து வந்தார்கள், படத்திலிருந்து அல்ல.

பாட்டின் மேலும் படத்தின் மேலும் பழி போடுவது இன்னும் நிற்கவில்லை. பாட்டு வரிகளையே குற்றத்துக்குச் சாட்சியாக அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் இன்றும் நீதிமன்றத்தில் வாசிக்கிறார்கள். கலிஃபோர்னியா 2022-இல் சட்டம் போட்டு அதற்குக் கொஞ்சம் கடிவாளம் இட்டிருக்கிறது.

எதுவரை விடலாம் என்றீர்கள். பாட்டைத் தடுக்காதீர்கள், தடுத்தாலும் நிற்காது. பெண்களைப் பற்றிய வரி வரும்போது மட்டும் கேட்காததுபோல் இருந்துவிடாதீர்கள். நிறுத்தச் சொல்லி அவனிடம் பேசுங்கள். அடுத்த ஞாயிறு ‘பாய்ஸ் இன் த ஹுட்’ பாருங்கள். அதிலும் வசவும் ரத்தமும் உண்டு, அதனால் சேர்ந்தே பாருங்கள். பிறகு காம்ப்டனிலேயே பிறந்த கெண்ட்ரிக் லமாரின் 2015 ஆல்பத்தைப் போடச் சொல்லுங்கள். அந்த ஆண்டு போலீஸ் வன்முறையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் அதிலிருந்த ‘ஆல்ரைட்’ பாட்டைக் கோஷமாக்கிக்கொண்டார்கள். ஏன் அந்தப் பாட்டை என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.