கைபேசியின் ஆயுளும் கருத்துரிமையும்: ஐந்து நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு கைபேசி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது பற்றியும், அதன் வழியே எவ்வளவு சுதந்திரமாகப் பேசலாம் என்பது பற்றியும் நிலவும் கருத்துகளில் பல, பழைய தொழில்நுட்பத்தின் அனுபவத்திலிருந்தோ சட்டத்தைப் பற்றிய அரைகுறைச் செய்தியிலிருந்தோ பிறந்தவை. இவை இரண்டும் தொடர்பற்ற பொருள்களாகத் தோன்றினும், காசு கொடுத்து வாங்கிய கருவியின்மீது வாங்கியவருக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு, உற்பத்தியாளருக்கும் அரசுக்கும் எவ்வளவு உண்டு என்ற ஒரே கேள்வியில் வந்து சேர்கின்றன.

நம்பிக்கை 1: பேட்டரி முழுவதும் தீர்ந்த பிறகே சார்ஜ் செய்ய வேண்டும், இரவு முழுவதும் சார்ஜரில் விட்டால் கெட்டுவிடும்.

உண்மை: முதற்பகுதி நிக்கல்-காட்மியம் பேட்டரிகளின் காலத்து அறிவுரையாகும். பாதி தீர்ந்த நிலையிலேயே திரும்பத் திரும்ப மின்னேற்றினால் அவ்வகை பேட்டரி தன் முழுக் கொள்ளளவையும் தர மறுக்கும்; இதை ‘நினைவு விளைவு’ என்பர். இன்றைய லித்தியம்-அயனி பேட்டரிகளுக்கு அந்தக் கவலை தேவையில்லை என்பதோடு, அவற்றை அடிக்கடி அடியோடு தீரவிடுவதே தேய்மானத்தைக் கூட்டுகிறது. இரண்டாம் பகுதி பாதி உண்மை: நிரம்பியதும் மின்னோட்டத்தை நிறுத்தும் கட்டுப்பாட்டுச் சுற்று எல்லா ஸ்மார்ட்போன்களிலும் இருப்பதால் அளவுக்கு மீறி மின்னேறுவதில்லை, ஆயினும் நூறு விழுக்காட்டில் நெடுநேரம் நிற்பதும், அதனினும் மேலாக வெப்பமும், பேட்டரியின் வேதிப்பொருள்களை விரைந்து முதுமையடையச் செய்கின்றன. பல கைபேசிகளில் 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி தரப்பட்டிருப்பது இதனால்தான். தலையணைக்கடியில் வைத்து சார்ஜ் செய்வது, காற்றோட்டமான மேசையில் இரவு முழுவதும் விடுவதைக் காட்டிலும் கேடு தருவது.

நம்பிக்கை 2: புதிய கைபேசியை விற்பதற்காகவே மென்பொருள் புதுப்பிப்புகள் பழையதை மெதுவாக்குகின்றன.

உண்மை: இந்த ஐயத்திற்கு அடிப்படை உண்டு, ஆனால் நடந்தது அவ்வளவு எளிமையானதன்று. 2017இல் வெளியிட்ட புதுப்பிப்புகளில், பேட்டரி தேய்ந்த சில ஐபோன்களின் வேகத்தை மட்டுப்படுத்தியதாக அவ்வாண்டு டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. முதுமையடைந்த பேட்டரியின் உள்மின்தடை கூடிவிடுவதால், நுண்செயலி திடீரெனக் கேட்கும் மிகுதியான மின்னோட்டத்தை அதனால் தர முடியாமல் கருவி அணைந்துவிடுகிறது. அதைத் தடுக்கவே வேகம் குறைக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் விளக்கம். பொறியியல் காரணம் பொருந்துவதே என்றாலும், பேட்டரியை மாற்றினால் பழைய வேகம் திரும்பும் என்பதை வாங்கியோர் அறிய வழியில்லாமல் இருந்தது. பயனாளர்களுக்கு உரிய தகவல் தரவில்லை என்பதற்காகவே பிரான்சு அரசின் நுகர்வோர் பாதுகாப்புத் துறை 2020இல் அந்நிறுவனத்திற்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

நம்பிக்கை 3: உடையாமல் பார்த்துக்கொண்டால் கைபேசி எத்தனை ஆண்டும் உழைக்கும்.

உண்மை: ஸ்மார்ட்போனின் ஆயுளை அதன் உடலைவிட மென்பொருளே தீர்மானிக்கிறது. மென்பொருளில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோன கருவி, வெளித்தோற்றத்தில் புதிதாக இருந்தாலும், வங்கிப் பரிமாற்றத்திற்கும் அந்தரங்க உரையாடலுக்கும் நம்பத்தக்கதாக இருப்பதில்லை. 2025இன் தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பில் இயங்கிய கைபேசிகளுக்கு வாட்ஸ்அப் ஆதரவை நிறுத்தியபோது, பழுதில்லாத கருவிகளும் அந்தச் செய்திப் பரிமாற்றத்திற்கு வெளியே தள்ளப்பட்டன. கூகுள் 2023இல் பிக்சல் 8 வரிசைக்கும், சாம்சங் 2024இல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் 7 ஆண்டுப் புதுப்பிப்புகளை அறிவித்துள்ளன. விலை குறைந்த மாதிரிகளுக்கு இக்காலம் பெரும்பாலும் குறைவு. ஐரோப்பிய ஒன்றியமோ 2025 ஜூன் 20 முதல், 800 முறை முழுமையாக மின்னேற்றித் தீர்த்த பிறகும் பேட்டரியில் 80 விழுக்காடு கொள்ளளவு எஞ்சியிருக்க வேண்டும் என்றும், விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும் என்றும் விதித்துள்ளது. நீண்ட ஆயுள் என்பது சட்டத்தாலும் உருவாக்கப்படக்கூடியது என்பதற்கு இவ்விதி சான்று.

நம்பிக்கை 4: சமூக ஊடக நிறுவனம் ஒரு பதிவை நீக்கினால் அது கருத்துரிமை மீறல்.

உண்மை: அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசைக் கட்டுப்படுத்துவதே தவிர, தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவதன்று. இந்தியாவிலும் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு அரசின் தலையீட்டுக்கு எதிரான காப்பாகவே பெரிதும் பயன்பட்டு வந்துள்ளது. இணையத்தில் ‘எரிச்சலூட்டும்’ பதிவுகளுக்குக்கூடச் சிறைத்தண்டனை விதிக்க இடமளித்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியது அவ்வழியில்தான். எனினும், 19, 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளை அரசல்லாதோர்மீதும் நிலைநாட்டலாம் என்று 2023 ஜனவரியில் அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மை நீதிபதிகள் கூறியிருப்பதால், இந்தியாவின் நிலையை அமெரிக்காவின் நிலையோடு அப்படியே ஒப்பிட முடியாது. நீக்கத்தை எதிர்ப்போர் முதலில் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடமும், பின்னர் 2023இல் ஒன்றிய அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுக்களிடமும் முறையிட வழி உண்டு.

நம்பிக்கை 5: கைபேசி சொந்தம், ஆகவே அதில் எந்தச் செயலியை வைப்பது என்பதும் சொந்த விருப்பம்.

உண்மை: பெரும்பாலான நாடுகளில் ஐபோன் பயன்படுத்துவோர் ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடை வழியாகவே செயலிகளைப் பெற முடியும். ஹாங்காங் போராட்டங்களின்போது காவல்துறை நிற்கும் இடங்களைக் காட்டிய எச்கேமேப்.லைவ் என்ற செயலியை ஆப்பிள் 2019 அக்டோபரில் தன் கடையிலிருந்து நீக்கியது. சீனாவின் தணிக்கையைக் கடக்க உதவிய விபிஎன் செயலிகள் 2017இல் அந்நாட்டுக் கடையிலிருந்து நீக்கப்பட்டன. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் 2020 ஜூனில் 59 செயலிகள் தடை செய்யப்பட்டன. கடையின் சாவி யாரிடம் உள்ளதோ அவரிடமே, அல்லது அவருக்கு ஆணையிடக்கூடியவரிடமே, எந்தச் செயலி கிடைக்கும் என்ற முடிவும் உள்ளது.

ஆகவே, கைபேசி வாங்குவோர் கேமராவின் திறனைக் கேட்பதற்கு முன் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை வரும், பேட்டரியை மாற்ற என்ன செலவாகும், உதிரிப்பாகம் எவ்வளவு காலம் கிடைக்கும் என்ற மூன்றையும் கேட்டறிய வேண்டும். பதிவோ செயலியோ காணாமல் போனால், அதை நீக்கியது நிறுவனத்தின் விதியா அரசின் ஆணையா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்; முறையிட வேண்டிய இடம் அதைப் பொறுத்தே மாறும்.