மூடிய சுற்றிலிருந்து வலையமைப்புக்கு: கண்காணிப்புக் கமராக்களின் மாற்றம்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்

அறிமுகம்

வங்கி, பேருந்து நிலையம், பலசரக்குக் கடை எனப் பல இடங்களிலும் இன்று கண்காணிப்புக் கமராக்களைக் காண்கின்றோம். இவற்றைப் பொதுவாக சி.சி.ரி.வி. என அழைப்பர். ‘மூடிய சுற்றுத் தொலைக்காட்சி’ என்பதே இதன் பொருள். எல்லோருக்கும் ஒளிபரப்பாகும் தொலைக்காட்சியைப் போலன்றி, கமராவிலிருந்து குறித்த ஒரு திரைக்கு மட்டும் படம் செல்வதால் இப்பெயர் ஏற்பட்டது. 1942இல் ஜேர்மனியின் பீனமுண்டேயில், வி-2 ஏவுகணைகள் ஏவப்படுவதைப் பாதுகாப்பான தூரத்திலிருந்து பார்ப்பதற்கு சீமென்ஸ் நிறுவனம் அமைத்த தொகுதி இதற்கு ஆரம்பகால உதாரணமாகும்.

ஆனால் இன்றைய கமராக்கள் பல, மூடிய சுற்றில் இயங்குவன அல்ல. அவை ஐ.பி. முகவரியுடன் வலையமைப்பில் இணைந்துள்ள சிறு கணினிகளாகும். மாணவர்களே, இம்மாற்றத்தை விளங்கிக்கொள்ள ஒரு கேள்வியை மனதில் வைத்திருங்கள்: படம் எந்த இடத்தில் இலக்கங்களாக மாறுகின்றது?

மாற்றத்தின் மூன்று படிகள்

படி 1 – முழுமையான அனலொக் தொகுதி
கமராவிலிருந்து வெளியேறும் படம், தொடர்ச்சியாக மாறும் மின் சமிக்ஞையாக ஓரச்சு வடத்தினூடாகத் திரைக்குச் செல்லும். பதிவு, வீடியோ நாடாவில் இடம்பெறும். இலங்கையில் பயன்பட்ட அனலொக் தொலைக்காட்சி நியமத்தின்படி செக்கனுக்கு 25 படங்கள், ஒரு படத்துக்கு 625 கோடுகள் என்பதே அளவு. நாடாவைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினாலும், பிரதி எடுத்தாலும் படத்தின் தரம் குன்றும். இங்கு படம் எங்குமே இலக்கமாக மாறுவதில்லை.

படி 2 – டி.வி.ஆர். தொகுதி
கமராவும் ஓரச்சு வடமும் பழையனவே. நாடாவின் இடத்தை வன்தட்டுக் கொண்ட டி.வி.ஆர். எனும் பதிகருவி பிடித்துக்கொண்டது. படம் இலக்கமாக மாறுவது இப்பதிகருவியினுள் ஆகும். குறித்த நாளையும் நேரத்தையும் கொடுத்துப் பதிவை உடனே தேட முடிந்தது. பிரதி எடுப்பதால் தரம் குறையவில்லை.

படி 3 – வலையமைப்புக் கமராத் தொகுதி
படம் கமராவினுள்ளேயே இலக்கமாக மாறி, சுருக்கப்பட்டு, தரவுப் பொதிகளாக வெளியேறும். அவை ஆளி வழியாக என்.வி.ஆர். எனும் வலையமைப்புப் பதிகருவிக்கோ சேவையகத்துக்கோ செல்லும். சுவீடனின் அக்சிஸ் நிறுவனம் 1996இல் வெளியிட்ட நெற்ஐ 200 கமரா, இவ்வகையில் முதலாவதாகக் கொள்ளப்படுகின்றது. எனினும் ஓடும் படத்தைக் காட்டும் வேகம் அதற்கு இருக்கவில்லை.

கவனிக்க: டி.வி.ஆர். இணைக்கப்பட்ட எல்லாத் தொகுதிகளையும் வலையமைப்புக் கமராத் தொகுதி என எழுதுவது தவறு. இரண்டாம் படியில் கமரா அனலொக், பதிவு மட்டுமே இலக்கமுறை.

வலையமைப்புக் கமராவின் அனுகூலங்கள்

1. பிரிதிறன்: அனலொக் படத்தை டி.வி.ஆர். இலக்கமாக்கும்போது பொதுவான உயர் அளவு 704 × 576, அதாவது 405,504 படவணுக்கள். 1920 × 1080 வலையமைப்புக் கமராவில் 2,073,600 படவணுக்கள் உண்டு. இது ஏறத்தாழ ஐந்து மடங்காகும். முகத்தையோ வாகன இலக்கத்தையோ அடையாளம் காண இவ்வேறுபாடு உதவும். (ஓரச்சு வடத்தில் உயர் பிரிதிறன் படத்தை அனுப்பும் புதிய அனலொக் கமராக்களும் இன்று உள்ளன.)

2. ஒரே வடம்: ஈதர்நெற் வடத்தினூடாகத் தரவும் மின்வழங்கலும் ஒன்றாகச் செல்லலாம். இதற்கான நியமம் 2003இல் வெளியாகியது. ஒரு வடத்தின் நீளம் 100 மீற்றருக்கு உட்பட்டிருத்தல் வேண்டும்.

3. விரிவாக்கம்: பல கமராக்களின் தரவை ஆளியிலிருந்து ஒரே வடத்தினூடாக அனுப்பலாம். அனலொக் முறையிலோ ஒவ்வொரு கமராவுக்கும் பதிகருவி வரை தனி வடம் தேவை.

4. தொலைவிலிருந்து பார்த்தல்: அனுமதி பெற்றவர் இணையத்தினூடாக வேறிடத்திலிருந்தும் பார்க்கலாம்.

5. பொது நியமம்: வெவ்வேறு நிறுவனங்களின் சாதனங்கள் ஒன்றோடொன்று இயங்குவதற்காக அக்சிஸ், பொஷ், சொனி ஆகியன 2008இல் ஒன்விவ் அமைப்பை உருவாக்கின.

பழைய கமராக்கள் நல்ல நிலையில் இருப்பின் அவற்றை வீச வேண்டியதில்லை. வீடியோ குறிமாற்றி எனும் சாதனத்தை இடையில் பொருத்தி வலையமைப்பில் இணைக்கலாம். செலவைப் பகிர்ந்து, படிப்படியாக மாறுவதற்கு இது உகந்த வழி.

தரவுச் சுருக்கம் ஏன் தேவை?

1920 × 1080 படவணு, ஒரு படவணுவுக்கு 24 பிட், செக்கனுக்கு 25 படம் எனக் கொள்வோம்.

1920 × 1080 × 24 × 25 = 1,244,160,000 பிட்

அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 1,244 மெகாபிட். செக்கனுக்கு 100 மெகாபிட் கடத்தும் வலையமைப்பில் இதை அனுப்ப இயலாது. ஆகவே 2003இல் வெளியான எச்.264 போன்ற சுருக்கல் நியமங்கள் பயன்படுகின்றன. இடைக்கிடை ஒரு முழுப் படத்தை வைத்துக்கொண்டு, ஏனையவற்றில் பெரும்பாலும் மாறிய பகுதிகளை மட்டும் குறிப்பதே இதன் அடிப்படை. ஆளில்லாத மண்டபத்தின் வீடியோ சிறிதாகவும், சன நெரிசலான சந்தையின் வீடியோ பெரிதாகவும் இருப்பது இதனாலேயே.

மாதிரிக் கணிப்பு

வினா: செக்கனுக்கு 4 மெகாபிட் வீதம் தரவு அனுப்பும் 4 கமராக்கள் நாள் முழுவதும் இயங்குகின்றன. 14 நாட்களுக்குத் தேவையான சேமிப்புக் கொள்ளளவு யாது? (1 கிகாபைட் = 1,000 மெகாபைட் எனக் கொள்க.)

விடை:
ஒரு கமரா, ஒரு செக்கன்: 4 ÷ 8 = 0.5 மெகாபைட்
ஒரு நாள் (86,400 செக்கன்): 43,200 மெகாபைட் = 43.2 கிகாபைட்
4 கமராக்கள்: 172.8 கிகாபைட்
14 நாட்கள்: 2,419.2 கிகாபைட்

எனவே 2 தெராபைட் வன்தட்டு போதாது. பிட்டைப் பைட்டாக்க 8ஆல் வகுக்க மறந்தால் விடை எட்டு மடங்காகிவிடும்.

சுற்று திறந்தபோது வந்த ஆபத்து

மூடிய சுற்றிலுள்ள படத்தைத் திருட வேண்டுமாயின் வடம் இருக்கும் இடத்துக்கே வர வேண்டும். இணையத்தில் இணைந்த கமராவையோ பதிகருவியையோ உலகின் எப்பகுதியிலிருந்தும் அணுக முயலலாம். 2016இல் பரவிய மிராய் எனும் தீங்கு விளைவிக்கும் மென்பொருள் இதற்குச் சிறந்த உதாரணம். உற்பத்தியாளர் இட்ட பாவனையாளர் பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாதிருந்த கமராக்கள், டி.வி.ஆர்.கள், வழிப்படுத்திகள் ஆகியவற்றுள் அது புகுந்தது. 2016 ஒக்ரோபர் 21ஆந் திகதி, அச்சாதனங்கள் அமெரிக்காவின் டைன் நிறுவனத்தின் ஆள்களப் பெயர்ச் சேவையைத் தாக்கப் பயன்பட்டன. துவிற்றர், நெற்பிளிக்ஸ் முதலிய தளங்களைப் பலரால் அணுக முடியவில்லை. காவலுக்கு வைத்த கமராவே உரிமையாளர் அறியாமல் தாக்குதலுக்கு உதவியது.

ஆகவே பின்வருவன அவசியம்:
• முதற் கடவுச்சொல்லை உடனே மாற்றுதல்
• சாதனத்தின் நிலைபொருளை இற்றைப்படுத்தல்
• கமராக்களைத் தனி வலையமைப்பில் வைத்து, தீச்சுவரினால் பாதுகாத்தல்
• பதிவைப் பார்க்கக்கூடியவர் யாவர் என வரையறுத்தல்

இறுதி விடயம் அந்தரங்கத்தோடும் தொடர்புடையது. ஒருவரை அடையாளம் காணக்கூடிய வீடியோ அவரது தனிப்பட்ட தரவாகும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டமையை விடையில் குறிப்பிடலாம்.

பயிற்சி வினாக்கள்

1. டி.வி.ஆர்., என்.வி.ஆர். தொகுதிகளில் படம் இலக்கமாக மாறும் இடங்களை முறையே தருக.
2. அனலொக் கமராக்கள் உள்ள பாடசாலையொன்று அவற்றை அகற்றாமல் வலையமைப்பில் இணைக்க விரும்புகின்றது. தேவையான சாதனம் யாது?
3. வலையமைப்புக் கமராவின் அனுகூலங்கள் இரண்டையும் பிரதிகூலம் ஒன்றையும் காரணத்துடன் எழுதுக.

விடைக் குறிப்பு: (1) பதிகருவியினுள், கமராவினுள். (2) வீடியோ குறிமாற்றி. (3) ‘படம் தெளிவாக இருக்கும்’ என்பது மட்டும் காரணமாகாது. ‘படவணுக்களின் எண்ணிக்கை கூடுதலாகையால்’ எனச் சேர்த்து எழுதுக. பிரதிகூலத்துக்கு ‘இணையத்தில் இணைந்திருப்பதால் அனுமதியற்ற அணுகலுக்கு உட்படலாம்’ என எழுதுக.